ஏரி யாருக்குச் சொந்தம் பாஸ்?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரி தாண்டியதுமே காத்துல உப்பு வாசனை. அப்புறம் கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் தண்ணி. சீசன் டைம்ல போனா ஒத்தைக் கால்ல தவம் பண்ற பூநாரைகள், பெரிய பையோட அலையுற கூழைக்கடாக்கள். பழவேற்காடு! சனிக்கிழமை காலையில நாலு பைக்ல எட்டுப் பேர் கிளம்பிப் போய், கலங்கரை விளக்கம் பக்கத்துல போட்டோ எடுத்து, வறுத்த இறால் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பி வர்ற ஊர். நம்மில் பல பேருக்கு இந்த ஊரோட உறவு அவ்வளவுதான்.

இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலா பார்ப்போமா? ஏன்னா இந்தச் சின்ன ஊர்ல ரெண்டு பெரிய கேள்விகள் ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, நிறத்தையும் பிறப்பையும் வெச்சு மனுஷனை மேல, கீழன்னு பிரிக்கிறது எப்படி நடக்குது? ரெண்டு, அதை எதிர்த்து ஜனங்க எப்படி ஒண்ணு சேர்றாங்க?

கல்லறைக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ஊருக்குள்ள டச்சுக்காரங்க கல்லறை இருக்கு. வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு சிற்பம். செல்ஃபிக்கு ஃபேமஸ். பழவேற்காட்டுல கால் வெச்ச டச்சுக்காரங்க 1613-ல இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690-ல தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் சோழமண்டலக் கரையில டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியோட ஹெட் ஆபீஸ் இதுதான்.

இங்கிருந்து கப்பல்ல போனது என்ன? துணி. நம்ம ஊர் நெசவாளர்கள் நெய்த துணியைக் கொடுத்து, இந்தோனேசியத் தீவுகள்ல மிளகு, ஜாதிக்காய், கிராம்பு வாங்கினாங்க. இதை எல்லா கைடும் சொல்வாங்க. அதே கப்பல்கள்ல மனுஷங்களும் போனாங்கங்கிறதைச் சொல்றவங்க குறைவு. 17-ம் நூற்றாண்டுல பஞ்சமும் போரும் வந்தப்போ சோழமண்டலக் கரையில ஏழைக் குடும்பங்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்க வேண்டிய நிலை. கம்பெனி அவங்களை அடிமைகளா வாங்கி, பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பியது. நாம செல்ஃபி எடுக்கிற கல்லறையில பேர் செதுக்கி வெச்சிருக்கிறது வியாபாரிகளுக்கும் அவங்க குடும்பத்துக்கும்தான். கப்பல்ல போனவங்களுக்கு ஒரு கல்லும் கிடையாது.

'அது நானூறு வருஷத்துப் பழைய கதை, இப்ப எதுக்கு?' என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்குது. வெயிட் பண்ணுங்க.

2020 மே 25. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துல ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பின மனிதர் ஒரு வெள்ளைக்கார போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே மூச்சுத் திணறிச் செத்துப்போனார். 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்', கறுப்பர் உயிரும் உயிரே என்ற கோஷம் உலகம் முழுக்கப் பரவுச்சு. அந்தப் பேர் 2013-லேயே மூணு பெண்கள் தொடங்கியது. அலிசியா கார்சா, பாட்ரிஸ் கல்லர்ஸ், ஓபல் டொமெட்டி. ஏழு வருஷம் ஊர் ஊரா கட்டி வெச்ச வலைதான் 2020-ல ஒரே வாரத்துல விரிஞ்சது.

அந்த அலை நெதர்லாந்துக்கும் போச்சு. ஹூர்ன் என்ற ஊர்ல டச்சுக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலா இருந்த யான் பீட்டர்சூன் கூனின் சிலை முன்னாடி 2020 ஜூன்ல போராட்டம். 2022 டிசம்பர் 19-ல அந்த நாட்டுப் பிரதமர் மார்க் ருட்டே, அடிமை முறைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். உலகத்தின் எந்த மூலையில் அடிமையாக்கப்பட்டவர்களாக இருந்தாலும் அவர்களிடமும், அவர்கள் சந்ததியிடமும்! 2023 ஜூலை 1-ல மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் மன்னிப்புக் கேட்டார்.

உலகத்தின் எந்த மூலையில்... அப்படின்னா அதில் பழவேற்காடும் உண்டுதானே! மினியாபொலிஸ்ல தொடங்கின கோபம் நம்ம ஏரிக்கரை வரைக்கும் வந்துடுச்சு பாருங்க.

அங்கே நிறம்... இங்கே?

வெள்ளைக்காரன் செஞ்சதுக்கு அவனைத் திட்டுறது ஈஸி. நம்ம வீட்டுக் கதவைத் திறந்து பார்க்கிறதுதான் கஷ்டம்.

2001-ல தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துல ஐ.நா. சபை நிறவெறிக்கு எதிரான உலக மாநாட்டை நடத்துச்சு. சாதியையும் இங்கே பேசணும்னு இந்தியாவிலிருந்து தலித் அமைப்புகள் போய் நின்னாங்க. சாதி வேற, இனம் வேற, இது எங்க உள்நாட்டு விஷயம்னு இந்திய அரசு எதிர்த்தது. வாதம் இன்னிக்கும் முடியலை. ஆனா 2023 பிப்ரவரியில அமெரிக்காவின் சியாட்டில் நகர கவுன்சில், சாதிப் பாகுபாட்டைத் தடை செஞ்சு சட்டம் போட்டுச்சு. அமெரிக்காவிலேயே முதல் நகரம் அதுதான்.

1959-ல மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தப்போ நடந்ததை அவரே பின்னாடி ஒரு பிரசங்கத்துல சொல்லியிருக்கார். திருவனந்தபுரத்துல ஒரு பள்ளிக்கூடம். படிக்கிற பிள்ளைங்க ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவங்க. 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர்' என்ற அர்த்தத்துல தலைமையாசிரியர் கிங்கை அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதல்ல சுருக்குனு இருந்துச்சாம். யோசிச்சுப் பார்த்தப்புறம், ஆமா, நான் அப்படித்தான்னு புரிஞ்சுதாம். இந்த மாதிரி கண்ணாடியில நாமளும் ஒரு தடவை முகம் பார்ப்போம். பழவேற்காடு ஏரியே அந்தக் கண்ணாடி.

பாடு என்றால் என்ன?

ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவுல, தெற்கு ஓரம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல. ஆரணியாறு, காளாங்கி, ஸ்வர்ணமுகி ஆறுகள் நல்ல தண்ணியைக் கொண்டுவந்து சேர்க்கும். முகத்துவாரம் வழியா கடல் தண்ணி உள்ளே வந்து போகும். இந்த ரெண்டும் கலக்கிற இடத்துலதான் இறால் குஞ்சு வளரும். முகத்துவாரம் மண் மேடாகி அடைபட்டா, ஏரிக்கு மூச்சு முட்டும்.

இந்த ஏரியில யார், எங்கே, எப்ப வலை கட்டணும்? கண்டபடி போனா அடிதடிதான். அதுக்குத்தான் மீனவர்கள் 'பாடு' முறையைக் கண்டுபிடிச்சாங்க. நல்ல மீன் கிடைக்கிற இடங்களைப் பிரிச்சு, சீட்டுக் குலுக்கி, முறை வெச்சுப் போவாங்க. இன்னிக்கு உனக்கு நல்ல இடம்னா நாளைக்கு எனக்கு. பணக்காரன், ஏழைங்கிற பேதம் இல்லாம வாய்ப்பு சுத்தி வரும். ஊர்ப் பஞ்சாயத்து கண்காணிக்கும். போலீஸும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். பொதுச் சொத்தை ஜனங்களே எப்படிப் பங்கிட்டுக்கிறாங்கன்னு வெளிநாட்டிலிருந்து வந்து ஆராய்ச்சி பண்ற அளவுக்கு அழகான ஏற்பாடு.

சூப்பர்ல? இருங்க. அந்தக் குலுக்கல் சீட்டுல யார் பேர் இருக்கும்? பாரம்பரியமா பாடு உரிமை பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கு. பிறப்பால வர்ற உரிமை. வெளிநாட்டு ஏற்றுமதியால இறாலுக்கு விலை ஏறினப்போ, ஏரியை நம்பி வாழ்ந்த மத்த சமூகத்தாரும் தலித் மக்களும் தண்ணியில இறங்கினாங்க. ஆனா பாடு நடக்கிற நல்ல இடங்கள்ல அவங்களால வலை கட்ட முடியாது. உள்ளே இருக்கிறவங்களுக்குச் சமத்துவம், வெளியே நிக்கிறவங்களுக்குப் பூட்டு!

இதைச் சொல்றதால பட்டினவ மீனவர்களை வில்லனாக்கிட வேண்டாம். அவங்களும் உயிரைப் பணயம் வெச்சு உழைக்கிறவங்கதான். ராக்கெட் விடுற நாள்ல ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கடலுக்குப் போக முடியாது. தெற்கே எண்ணூர்ல அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகம். பிடிக்கிற மீனுக்கு விலை சொல்ற உரிமையும் பாதி நேரம் வியாபாரி கையில. குறைஞ்சுக்கிட்டே போற ஏரியில இன்னொருத்தருக்குப் பங்கு கொடுன்னா யாருக்கும் பயம்தான் வரும். ஆனா பயம் நியாயம்கிறதால பூட்டு நியாயமாகிடாதே.

கையே வலை

பூட்டுக்கு வெளியே இன்னும் தள்ளி நிக்கிறவங்க இருளர் பழங்குடி மக்கள். 'ஜெய் பீம்' பார்த்துட்டு தியேட்டரே இல்லாம வீட்டு ஹால்ல உட்கார்ந்து அழுதோமே, அந்த மக்கள். ஏரியிலும் எண்ணூர் கழிமுகத்திலும் இருளப் பெண்கள் இடுப்பளவு, மார்பளவு தண்ணியில இறங்கி, சேத்துக்குள்ள கையால தடவி இறால் பிடிப்பாங்க. படகு கிடையாது, வலை கிடையாது. பனை ஓலையில முடைஞ்ச 'பறி'யை வாயில கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையும் தண்ணிக்குள்ள. சிப்பி கிழிக்கும், முள் குத்தும். மணிக்கணக்கா உப்புத் தண்ணியில நின்னு பிடிச்ச இறாலை அன்னிக்கே வித்தாத்தான் அடுப்பு எரியும்.

நிவாரணம், நஷ்டஈடுன்னு ஏதாவது வந்தா சங்க உறுப்பினர் அட்டை எங்கே, படகுப் பதிவு எங்கேன்னு கேட்பாங்க. படகே இல்லாதவங்க எந்தப் படகைப் பதிவு பண்றது? சாதிச் சான்றிதழுக்கே அலையா அலையுற குடும்பங்கள் நிறைய. ஏரி நாசமானா முதல்ல பட்டினி கிடக்கப்போறது இவங்க. ஏரியைப் பத்திப் பேசுற கூட்டத்துல கடைசியா நாற்காலி கிடைக்கிறதும் இவங்களுக்குத்தான்.

இந்த நிலையை மாத்த சங்கமாச் சேர்ந்தவங்களும் உண்டு. திண்டிவனத்துல பேராசிரியர் பிரபா கல்விமணி (கல்யாணி) முன்னெடுத்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் ஒரு உதாரணம். போலீஸ் பொய் வழக்கு, கொத்தடிமைத்தனம், சாதிச் சான்றிதழ்னு ஒவ்வொரு பிரச்னையா கையில எடுத்து, பல வருஷமா வேலை பார்க்குற சங்கம்.

ஜெயிச்ச கதை ஒண்ணு

1990-கள்ல கடலோரம் முழுக்க இறால் பண்ணை ஜுரம். விளைநிலத்துல உப்புத் தண்ணியை நிரப்பினாங்க. குடிதண்ணிக் கிணறு உப்பாச்சு, விவசாயக் கூலிகளுக்கு வேலை போச்சு. காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். அவரும், தலித் குடும்பத்துல பிறந்த அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் ஏற்கெனவே கீழத்தஞ்சையில நிலமில்லாத பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கப் போராடினவங்க. ஒரு பக்கம் கிராமங்கள்ல உண்ணாவிரதம், சத்தியாகிரகம். இன்னொரு பக்கம் டெல்லியில வழக்கு.

1996 டிசம்பர் 11-ல தீர்ப்பு வந்துச்சு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள இறால் பண்ணை கூடாது. சிலிக்கா ஏரி, பழவேற்காடு ஏரியைச் சுத்தி 1,000 மீட்டருக்குள்ளயும் கூடாது. மத்த இடங்களோட பேர் பொதுவா வந்தப்போ, நம்ம ஏரியோட பேர் தனியா தீர்ப்பிலேயே ஏறிடுச்சு!

'சுபம்' போட்டுடலாமா? ம்ஹூம். 2005-ல நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, அந்தத் தீர்ப்போட பிடியைத் தளர்த்திடுச்சு. கோர்ட்ல ஜெயிச்சது ஊர்ல நிலைக்கணும்னா ஊர் விழிச்சிருக்கணும்.

நடந்துக்கிட்டிருந்த கதை ஒண்ணு

அடுத்தது காட்டுப்பள்ளி. பழவேற்காட்டுக்குத் தெற்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவுல இருக்கிற மணல் திட்டு. அங்கே எல் அண்ட் டி கட்டின துறைமுகத்தை 2018-ல அதானி குழுமம் வாங்கியது. சுமார் 330 ஏக்கர்ல இருக்கிற துறைமுகத்தை சுமார் 6,100 ஏக்கருக்கு விரிவாக்கணும்னு திட்டம். அதுல ஒரு பகுதி கடலையே மண் போட்டு மூடி எடுக்கிறது. வேலை வரும், வர்த்தகம் வளரும்னு ஒரு தரப்பு. கரை அரிக்கும், மணல் திட்டு உடைஞ்சா கடலும் ஏரியும் ஒண்ணாகும், மீன்பிடி இடம் போகும், மழை வெள்ளம் வடிய வழியில்லாம வட சென்னையே மூழ்கும்னு இன்னொரு தரப்பு.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22-ல நடக்கும்னு அறிவிச்சாங்க. கொரோனா காலத்துல கூட்டம் கூட்டி, யாரைக் கேட்கப் போறீங்கன்னு எதிர்ப்பு கிளம்பியது. தள்ளி வெச்சாங்க. மறுபடி 2023 செப்டம்பர் 5-ன்னு தேதி குறிச்சாங்க. அதுவும் தள்ளிப்போச்சு.

இதுக்குப் பின்னாடி வேலை செஞ்ச டீமைக் கவனிங்க. குப்பம் குப்பமா ஊர்ப் பஞ்சாயத்து கூடிப் பேசுறாங்க. ஊர் முடிவு எடுத்தா ஒரு படகும் கடலுக்குப் போகாது. ஒரு நாள் தொழில் போனா ஒரு நாள் சாப்பாடு போச்சு, அதனால அந்த முடிவை யாரும் சும்மா எடுக்க மாட்டாங்க. மீன் விக்கிற அக்காக்கள் சந்தைக்குப் போற வழியெல்லாம் சேதியைப் பரப்புறாங்க. சென்னையிலிருந்து வர்ற பசங்க ஆயிரக்கணக்கான பக்க இங்கிலீஷ் அறிக்கையைப் பிரிச்சு மேய்ஞ்சு, தமிழ்ல சுருக்கிச் சொல்றாங்க. மீனவருக்குக் கடல் தெரியும், காகிதம் புரியாது. காலேஜ் பசங்களுக்குக் காகிதம் புரியும், கடல் தெரியாது. ரெண்டும் கை கோர்த்தா?

ஒரு ராத்திரி, ஒரு மெஷின், ரெண்டு ஸ்டூடன்ட்ஸ்

இதே ஃபார்முலாவை 1955-லேயே பார்க்கலாம். அமெரிக்காவின் மான்ட்கோமரி. பஸ்ல வெள்ளைக்காரருக்கு சீட்டை விட்டுக் கொடுக்காத ரோசா பார்க்ஸ் டிசம்பர் 1-ம் தேதி கைது. 'களைச்சுப்போன ஒரு அம்மா எழுந்திருக்கலை, புரட்சி வெடிச்சது' என்றுதான் நாம படிச்சிருப்போம். நடந்தது வேற. ரோசா பார்க்ஸ் பல வருஷமா உரிமைச் சங்கத்துல வேலை பார்த்தவர். அன்னிக்கு ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆங்கிலப் பேராசிரியை, தன் காலேஜுக்குப் போய், சக ஆசிரியர் ஒருத்தரையும் ரெண்டு மாணவர்களையும் சேர்த்துக்கிட்டு, விடிய விடிய பல்லாயிரம் நோட்டீஸ் உருட்டினார். திங்கட்கிழமை பஸ்ல ஏறாதீங்க! காலையில ஊர் முழுக்க நோட்டீஸ்.

அப்புறம் 381 நாள். யார் யாரை எங்கே ஏத்திக்கணும்னு கார்களுக்கு ரூட் போட்டாங்க, சர்ச்ல வாராவாரம் கூடினாங்க, காசு சேர்த்தாங்க. கிங்கோட பேச்சு நமக்குத் தெரியும். டிபன் வித்துக் காசு சேர்த்த பெண்களை யாருக்குத் தெரியும்?

அதுக்கு ஒன்பது மாசம் முன்னாடியே கிளாடெட் கொல்வின் என்ற 15 வயசுப் பொண்ணு இதே காரணத்துக்குக் கைதானாள். ஏழை வீட்டுப் பொண்ணு, சின்ன வயசு, சரிப்பட்டு வராதுன்னு தலைவர்கள் அவளை முன்னிறுத்தலை. ஆனா பஸ்ல பிரிச்சு உட்கார வைக்கிறது செல்லாதுன்னு தீர்ப்பு வாங்கின வழக்கைத் தொடுத்த நாலு பெண்கள்ல அவளும் ஒருத்தி! நியாயம் கேட்கிற இயக்கத்துக்குள்ளேயும் கடைசி பெஞ்ச் உண்டு. பழவேற்காட்டுக்கும் இது பொருந்துது. 'மீனவர் ஒற்றுமை'ன்னு மேடையில முழங்கும்போது, பறியைக் கடிச்சுக்கிட்டு தண்ணியில நிக்கிற அம்மா அந்த 'மீனவர்'ல சேர்த்தியா இல்லையா? நாளைக்கு ஏரி காப்பாத்தப்பட்டா, அவங்களுக்கு அதுல ஒரு பாடு உண்டா?

'முதல்ல துறைமுகத்தைத் தடுப்போம், உள் விவகாரத்தை அப்புறம் பேசிக்கலாம்' என்பது எல்லா இயக்கத்துலயும் கேட்கிற டயலாக். அந்த 'அப்புறம்' வர்றதே இல்லைங்கிறது அனுபவம். கூட்டத்துல முதல் நாளே இடம் கிடைச்சவங்க கடைசி நாள் வரைக்கும் கூட நிப்பாங்க. ஆள் எண்ணிக்கைக்கு மட்டும் லாரியில ஏத்திட்டு வந்தவங்க பாதியில இறங்கிடுவாங்க. நியாயத்தை விடுங்க, ஜெயிக்கிறதுக்கே அதுதான் வழி.

கேம்பஸ்லேருந்தே தொடங்கலாம்

* படிச்சுச் சொல்லுங்க: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006-படி, கருத்துக் கேட்புக்கு 30 நாள் முன்னாடி அறிவிப்பு வரணும். உள்ளூர் மொழியில அறிக்கையின் சுருக்கம் கிடைக்கணும். எழுத்து மூலமாவும் கருத்து அனுப்பலாம். அந்தச் சுருக்கத்தை ஊர் டீக்கடையில உட்கார்ந்து வாசிச்சுக் காட்ட ஒரு ஆள் போதும்.

* மொழிபெயர்க்கணும்: 2020-ல மத்திய அரசு புது வரைவு அறிவிக்கையை வெளியிட்டப்போ, எட்டாவது அட்டவணையில இருக்கிற மொழிகள்லயும் கொடுங்கன்னு டெல்லி உயர்நீதிமன்றமே உத்தரவு போட்டுச்சு. புரியாத மொழியில கேட்கிற சம்மதம் சம்மதமே இல்லை.

* கேள்வி கேளுங்க: தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபா கட்டணம், 30 நாள்ல பதில். கெமிஸ்ட்ரி படிக்கிறவங்க தண்ணியைச் சோதிக்கலாம். சட்டம் படிக்கிறவங்க மனு எழுதலாம். விஸ்காம் பசங்க முதல்ல அனுமதி கேட்டுட்டு, அப்புறம் கேமராவை எடுங்க.

* எண்ணிப் பாருங்க: எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யார் பேசுறாங்கன்னு பார்க்கிறதோட, யார் வரவே இல்லைன்னும் பாருங்க. உங்க காலேஜ் ஸ்டூடன்ட்ஸ் யூனியன் மீட்டிங் உட்பட!

அடுத்த சனிக்கிழமை பழவேற்காடு போனா கல்லறை வாசல்ல ஒரு நிமிஷம் நில்லுங்க. பேர் இல்லாம கப்பல்ல போனவங்களை நினைங்க. அப்புறம் ஏரிக்கரையில இறால் விக்கிற அம்மாகிட்ட பேரம் பேசாம வாங்குங்க. 'எங்கம்மா பிடிச்சீங்க?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் சொல்ல ஆரம்பிச்சா, குறுக்கே பேசாம கேளுங்க. எல்லா இயக்கமும் தொடங்கின இடம் அதுதான்.